சனிக்கிழமைக் கணக்கு

பனியன் தையலில் கழுத்து ஏற்றுவதற்குத்தான் நல்ல கை வேண்டும். கழுத்துப் பட்டைக்கான ரிப் துணியை, உடம்புத் துணியின் கழுத்து வட்டத்தைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வெட்டியிருப்பார்கள். குறைந்ததை இழுத்து, மற்றதை இழுக்காமல், இரண்டையும் ஓவர்லாக் ஊசிக்கடியில் ஒரே ஓட்டமாக விட வேண்டும். ஓரிடத்தில் கூடுதலாக இழுத்தால் கழுத்து சுருங்கும். தளர விட்டால் அலை அடிக்கும். திருப்பூரின் 15 வேலம்பாளையம் பகுதியில் ஒரு பவர் டேபிளில் நான் பக்கத்தில் நின்று பார்த்த டெய்லர், துணியில் எந்த அடையாளமும் வைத்துக்கொள்ளவில்லை. இடது கைக் கட்டைவிரல் உடம்புத் துணியை அழுத்தியிருக்க, வலது கை ரிப்பை விட்டு விட்டுப் பிடித்தது. வட்டம் முடிந்ததும் நூல் சங்கிலி அறுபட்டது. பனியன் பின்னால் இருந்த பெட்டியில் விழுந்தது. அடுத்தது அதற்குள் ஊசிக்கடியில் இருந்தது. பேசிக்கொண்டேதான் தைத்தார். கை ஒருமுறையும் பிசகவில்லை.

ஐம்பது வயதை நெருங்குகிற அவர் இங்கே கூலிக்கு வருகிறவர். இரண்டு தெரு தள்ளி, 14 மெஷினோடு சொந்தமாகப் பவர் டேபிள் நடத்தியவர். 2022 தீபாவளி வரைக்கும் நடத்தினார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய பனியன் கம்பெனிகள் எல்லாத் துணியையும் தங்கள் கூரைக்குள்ளேயே தைப்பதில்லை. வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகக் கட்டி வெளியே அனுப்பும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசித் தைத்துக் கொடுக்கிற சிறு பட்டறைதான் பவர் டேபிள். பத்து, இருபது மெஷின். நாலு ஓவர்லாக், இரண்டு பேட்லாக், மீதி சிங்கர். தகரக் கூரை, ஒரு ரேடியோ, வாசலில் குவிந்த பனியன் வேஸ்ட். உரிமையாளரும் ஒரு மெஷினில் உட்கார்ந்திருப்பார்.

இந்த ஊரின் நம்பிக்கை முழுக்க அந்த இடத்தில்தான் இருந்தது. கைமடியாக வந்து, டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, மதிய இடைவேளையில் காலி மெஷினில் கை பழகி, டெய்லராகி, சீட்டுப் போட்டு இரண்டு பழைய மெஷின் வாங்கி, பவர் டேபிள் போட்டு, பிறகு கம்பெனி. விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் இந்தப் படிகளில் ஏறி முதலாளிகளான கதையை ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் ஒரு தனி நூலாகவே எழுதினார். எல்லோரும் ஏறிவிடவில்லைதான்; யார் ஏறுவது என்பதைச் சாதியும் நிலமும் சொந்தபந்தமும் பெரும்பாலும் முடிவு செய்தன. ஆனால் ஏறலாம் என்று நினைப்பதற்கு ஒரு படி கண்ணுக்குத் தெரிந்தது. தேனி, திண்டுக்கல், தஞ்சாவூரிலிருந்து குடும்பத்தோடு வந்து லைன் வீட்டில் குடியேறியவர்களை ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம், வேலை செய்ய வைத்தது அந்த நினைப்புதான்.

கொரோனா ஊரடங்கு அந்தப் படியைத்தான் உடைத்தது. திருப்பூர் மீண்டுவிட்டது என்று சொல்கிறவர்கள் ஏற்றுமதிக் கணக்கைக் காட்டுகிறார்கள். கொரோனாவுக்கு முன் 30,000 கோடி ரூபாய்க்குக் கீழே இருந்த ஏற்றுமதி 2024-25இல் 40,000 கோடியை ஒட்டி வந்து நின்றது. அந்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் 14 மெஷின் வைத்திருந்தவர் கூலிக்குத் தைக்கிற பனியனும் அந்த 40,000 கோடிக்குள்தான் போய்ச் சேருகிறது. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து தைக்கிறார் என்பதை ஏற்றுமதிக் கணக்கு சொல்லாது.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாளே நாடு முழுக்க ஊரடங்கு. அவருடைய பட்டறையில் அன்று ஒரு கம்பெனியின் குழந்தைகள் பனியன் கட்டுகள் இருந்தன. பாதி தைத்தது, பாதி தைக்காதது. அதற்கு முந்தைய மூன்று வார பில்லும் வரவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடிக் கிடந்தன. பிரிட்டனின் டெபன்ஹாம்ஸ் ஏப்ரலில் விழுந்தது. அமெரிக்காவின் ஜேசி பென்னி மே மாதம் திவால் மனு போட்டது. ஆர்டரை ரத்து செய்தவர்கள் சிலர், நிறுத்தி வையுங்கள் என்றவர்கள் பலர். வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர்கள் ரத்தாகின அல்லது நிறுத்தி வைக்கப்பட்டன. பையர் ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கவில்லை. ஏற்றுமதியாளர் பவர் டேபிளுக்குக் கொடுக்கவில்லை. பவர் டேபிள்காரருக்குக் கீழே டெய்லர் மட்டுமே இருந்தார்.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். கம்பெனி பில் எப்போது வந்தாலும் சரி, டெய்லருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பணம் கையில் இருக்க வேண்டும். அந்த இடைவெளியைச் சமாளிப்பதுதான் பவர் டேபிள்காரரின் தொழிலே. பில் ஒரு மாதம் தள்ளிப் போனால் நகை அடகுக்குப் போகும். இரண்டு மாதம் தள்ளினால் வட்டிக்காரரிடம் போக வேண்டும்.

“மெஷின் ஓடலைங்க, சம்பளம் கேக்கலைங்க அவங்களும். ஆனா சனிக்கிழமை வந்தா வாசல்ல வந்து நிப்பாங்க. ஒண்ணும் பேசமாட்டாங்க. அரிசியும் ஐநூறு ரூவாயும் கொடுத்தேன், நாலு வாரம். அஞ்சாவது வாரம் நானும் வாசப்பக்கம் போகலைங்க” என்றார்.

மே மாதம் திறந்தபோது மெஷின்கள் உடனே ஓடவில்லை. ஊசிகளில் துரு ஏறியிருந்தது. ஓவர்லாக்கின் அடியில் தேங்கி நின்ற எண்ணெய் முதல் நாள் தைத்த பீஸ்களில் கறையாக இறங்கியது. வெள்ளைத் துணிக் கட்டுகள் மடிப்பு வாக்கில் மஞ்சளித்திருந்தன. அவற்றைத் தைத்த கூலியைக் கம்பெனி பிடித்துக்கொண்டது. அந்த வாரங்களில் ஊரே மாஸ்க்கும் பாதுகாப்பு உடையும் தைத்தது. ஆரம்பத்தில் நல்ல கூலி கிடைத்தது. எல்லோரும் அதையே தைக்க ஆரம்பித்ததும் விலை விழுந்தது.

உதவி வராமல் இல்லை. மத்திய அரசு 2020 மே மாதம் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. பிணை வேண்டாம், அரசே உத்தரவாதம். நல்ல திட்டம், பல கம்பெனிகளைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் கணக்கு இப்படி: 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ அதில் 20 சதவீதம். வங்கிக் கடன் இல்லாதவருக்கு, பூஜ்யத்தில் 20 சதவீதம். நம் டெய்லரின் கடனெல்லாம் நகைக்கடையிலும் பைனான்ஸ்காரரிடமும் ஏலச்சீட்டிலும் இருந்தது. மெஷின்களைக்கூட மாதத் தவணைக்கு வியாபாரியிடமே எடுத்திருந்தார். ரிசர்வ் வங்கி கொடுத்த ஆறு மாதத் தவணை அவகாசமும் அவர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. யாருக்கு வங்கியோடு உறவு இருந்ததோ அவரிடம்தான் உதவியும் போய்ச் சேர்ந்தது. திட்டம் போட்டவர்கள் இந்த ஊரின் தையல் எப்படி நடக்கிறது என்று ஒரு சனிக்கிழமை வந்து பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஒரு அடியில் அவர் விழுந்துவிடவில்லை. 2021 மே மாதம் இரண்டாம் அலை. மற்ற மாவட்டங்களில் தளர்வு வந்தபோதும் மேற்கு மாவட்டங்களில் கட்டுப்பாடு நீடித்தது. அந்த நவம்பரில் நூல் விலை கிலோவுக்கு ஒரே அடியாக 50 ரூபாய் ஏறியது. 2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. திருப்பூர் வேலைநிறுத்தம் செய்தது. நூல் விலை ஏறினால் தையல் கூலியைத்தான் முதலில் குறைத்துப் பேசுவார்கள். செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது, நிலைக்கட்டணமும் சேர்ந்து. உக்ரைன் போரால் ஐரோப்பாவில் விலைவாசி ஏற, ஆர்டர்கள் மெலிந்தன. இவை எதுவும் ஊரடங்கு இல்லை. ஆனால் ஊரடங்கில் கையிருப்பு கரையாதிருந்தால் இவற்றைத் தாங்கியிருப்பார். பழைய மெஷின் வாங்குகிற வியாபாரிக்கு அந்தத் தீபாவளிக்கு முன் 14 மெஷினையும் கொடுத்தார். வாங்கிய விலையில் கால் பங்கு கிடைத்தது. டெய்லர்களுக்குப் போனஸ் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினார்.

“நான் டெய்லராயிட்டனுங்க. கடன் மட்டும் இன்னும் மொதலாளி கணக்குலயே நிக்குதுங்க.”

அங்கேரிபாளையம் சாலையை ஒட்டிய ஒரு லைன் வீட்டில், செக்கிங் வேலைக்குப் போகும் ஓர் அக்காவைப் பார்த்தேன். தேனிப் பக்கம் சொந்த ஊர். ஏற்றுமதிக் கம்பெனி, அதனால் பி.எஃப். உண்டு. கொரோனா முன்பணம் என்று 2020இல் மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் அல்லது இருப்பில் 75 சதவீதம், இதில் எது குறைவோ அதை எடுக்கலாம் என்றார்கள், எடுத்தார். 2021 மே 31 முதல் இன்னொரு முறையும் எடுக்கலாம் என்றார்கள், அதையும் எடுத்தார். திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தன் முதுமையிலிருந்து எடுத்து வாடகை கட்டியதாகத்தான் அவர் சொல்கிறார். அந்த இருப்பு பழையபடி சேரவில்லை. குழு லோன் இரண்டு ஓடுகிறது. ஒன்றை அடைக்க எடுத்தது மற்றது.

அவருடைய பையன் 2020 மார்ச்சில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு வெளியே போய்விடும். ஒன்பதாம் வகுப்பை 2021 பிப்ரவரி, மார்ச்சில் சில வாரங்கள் நேரில் பார்த்தான். பள்ளி மறுபடி மூடியது. தேர்வில்லாமல் தேர்ச்சி. செப்டம்பர் 1 அன்று உயர்வகுப்புகள் திறந்தபோது அவன் ஒரு பவர் டேபிளில் கைமடியாகி நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி எவ்வளவோ குழந்தைகளுக்குக் கை கொடுத்தது. ஆனால் அது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். சரியாக அந்த விளிம்புக்கு அந்தப் பக்கம் இருந்தான் இவன்.

“ஸ்கூலுக்குப் போடான்னேன். டீச்சரு போன் பண்ணாங்க, வீட்டுக்கே வந்தாங்க. போனான், ரெண்டு நாளு. ஒண்ணும் புரியலைம்மான்னு வந்துட்டான். வாராவாரம் காசு பாத்த கை, அப்புறம் எங்க” என்றார் அக்கா.

இப்போது அவனுக்கு 19 வயது. ஓவர்லாக் டெய்லர். நல்ல கை என்று பெயர். இன்றைய சம்பளத்தில் அவனுக்குக் குறைவு தெரியாது. டிகிரி முடித்த அவன் வயதுப் பையன்களைவிடக் கூடுதலாகவே வாங்குகிறான். நாற்பது வயதில்தான் வித்தியாசம் தெரியும். மெர்ச்சன்டைசர், பேட்டர்ன் மாஸ்டர், லேப் டெக்னீஷியன் என்று இந்தத் தொழிலுக்குள்ளேயே மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து செய்கிற வேலைகள் உண்டு. அவற்றைக் கற்றுத்தர இந்த ஊரிலேயே நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. அந்த வாசலுக்குப் பத்தாம் வகுப்பே இல்லாமல் போக முடியாது. சரி, டெய்லராகவே பவர் டேபிள் போட்டு முன்னேறலாம் என்றால், அந்தப் பாதையில் போனவர் எங்கே வந்து நிற்கிறார் என்பதை வேலம்பாளையத்தில் பார்த்தாயிற்று. முன்னால் இரண்டு வழி இருந்தது. இரண்டையும் ஒரே காலம் அடைத்துவிட்டது.

அவனுக்குப் பக்கத்து மெஷினில் ஒடிசாக்காரர் ஒருவர். 2020 மே மாதம் சிறப்பு ரயிலில் ஊருக்குப் போனவர், கம்பெனி அனுப்பிய பஸ்ஸில் திரும்பினார். நடந்ததைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது, திருப்பூர் ரயில் நிலையம் ஒரே நாளில் நிரம்பியதே, அன்றும் அவர் அங்கே நின்றாராம். ரயில் நின்றுவிடும் முன் போய்விட வேண்டும் என்பது 2020இல் கற்ற பாடம். அந்தப் பயத்தை வதந்தி என்று சொல்லித் துடைத்துவிட முடியாது.

நான் போயிருந்த சமயம் இன்னொரு கவலையும் சேர்ந்திருந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி. அமெரிக்க ஆர்டர்களை நம்பியிருந்த சில இடங்களில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகக் குறைந்திருந்தது. இப்படி அடி விழும்போதெல்லாம் அரசாங்கங்கள் கடன் உத்தரவாதம் பற்றிப் பேசும், பேச வேண்டும். ஆனால் மறுபடியும் வங்கிப் பாக்கியை வைத்தே அளந்தால், மறுபடியும் அதே ஆட்கள்தான் விடுபடுவார்கள்.

கடைசியாக வேலம்பாளையத்துக்காரரிடம், மறுபடி பவர் டேபிள் போடுவீர்களா என்று கேட்டேன். அவர் கணக்கைத் தயாராகவே வைத்திருந்தார். நாலு ஓவர்லாக், இரண்டு பேட்லாக், இரண்டு சிங்கர், பழையது போதும். ஆறு மாதச் சம்பளத்துக்குக் கையில் காசு. ஒன்றரை மாதத்துக்குள் பில் கொடுக்கிற ஒரு கம்பெனி.

மூன்றாவதற்குச் சட்டமே இருக்கிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. சமீபத்தில் வருமான வரியிலும் அதற்கு ஒரு பிடி வைத்திருக்கிறார்கள்: காலத்தில் கொடுக்காத பில்லை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. ஆனால் இதைக் கேட்க உத்யம் பதிவு வேண்டும். அவர் 14 மெஷின் நடத்திய காலத்தில் அவரிடம் அது இல்லை; தெருவில் யாரிடமும் இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போனிலேயே பதிந்துவிடலாம், காசு கிடையாது என்றேன்.

“பதியறது பெரிசில்லைங்க. பதிஞ்ச நம்பரை பில்லுல போட்டா அடுத்த கட்டு நமக்கு வருமான்னு பாக்கோணும்” என்றார். ஷிப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அடுத்த கட்டை அவிழ்த்தார்.