உள்விளிம்பு

வண்டி வந்து நின்றதும் நான் அலைன்மென்ட் மெஷின் பக்கம் போவதில்லை. முதலில் குனிந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். நின்றுகொண்டு பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த இடம் படாது. வண்டியின் உயரத்தை இறக்கிப் போட்டிருந்தால் பார்க்கவேண்டிய இடமே அதுதான்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை திருமுல்லைவாயலிலிருந்து ஒரு தம்பி ஹேட்ச்பேக் கொண்டுவந்தார். லோயரிங் ஸ்பிரிங் போட்டு 40 மில்லிமீட்டர் இறக்கியிருந்தார். "டயர் போட்டு எட்டு மாசம்தாண்ணே ஆகுது. பட்டன் நல்லாத்தான் இருக்கு. மழையில பிரேக் அடிச்சாதான் வண்டி ஒரு பக்கமா போகுது" என்றார். வெளிப்பக்கம் அவர் சொன்னபடியே புதுசு மாதிரி இருந்தது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, மொபைல் டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினேன். உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. இடது டயரில் கம்பியே தெரிந்தது. தம்பி பேசாமல் நின்றார். அந்த டயரில்தான் முந்தின வாரம் வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு திருப்பதி போய் வந்திருக்கிறார்.

டயர் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். 1.6 மில்லிமீட்டர் உயரம். ரப்பர் தேய்ந்து அதற்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்றவேண்டும். எல்லாரும் அதை நடுவில், கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள்.

கேம்பர் கெட்டதால் இப்படி ஆனது என்றுதான் யாரும் சொல்வார்கள். வண்டியை இறக்கினால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும், பாரம் முழுக்க உள்தோளில் விழும். அது உண்மைதான். ஆனால் சாய்ந்த டயரும் உருளத்தான் செய்கிறது. டோ தப்பிய டயரோ, அதாவது நேர்முன்னே பார்க்காமல் திரும்பி நிற்கிற டயரோ, உருண்டுகொண்டே பக்கவாட்டில் இழுபடுகிறது. என் கையில் வந்த இறக்கின வண்டிகளில் டயரை அழித்தது பெரும்பாலும் டோதான். எங்கே தின்னவேண்டும் என்று கேம்பர் இடம் காட்டுகிறது, அவ்வளவே.

டோ தப்பியிருப்பது உள்ளங்கைக்குத் தெரியும். அந்த டயரில் கையை உள்ளிருந்து வெளியே ஓட்டினால் வழுக்கிக்கொண்டு வந்தது. வெளியிலிருந்து உள்ளே ஓட்டினால் ரம்பம் மாதிரிப் பிடித்தது. டோ-அவுட். சக்கரங்கள் இரண்டும் முன்னால் வெளிப்பக்கம் விரிந்து ஓடியிருக்கின்றன. மெஷினில் ஏற்றினேன். மொத்தம் 5 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. கேம்பர் இடதில் மைனஸ் 1 டிகிரி 50 நிமிடம், வலதில் அதைவிடக் கொஞ்சம் குறைவு.

5 மில்லிமீட்டர் என்றால் பெரிதாகத் தோன்றாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 அங்குல ரிம் 381 மில்லிமீட்டர். ஒரு சக்கரத்தின் பங்கு இரண்டரை மில்லிமீட்டர். இரண்டரையை 381-ஆல் வகுத்தால், ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஒவ்வொரு டயரும் சுமார் ஆறரை மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி பத்து கிலோமீட்டர். அதற்குள் அறுபத்தைந்து மீட்டர்! அத்தனை நீளத்துக்கு டயரை ரோட்டில் உரசி இழுத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

வண்டியை இறக்கினால் டோ ஏன் மாறவேண்டும் என்று தம்பி கேட்டார். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற லோயர் ஆர்ம் ஒரு முனையில் ஆடுவதால் அதன் மறுமுனை ஒரு வட்டம் போடுகிறது. ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்புகிற டை ராடின் முனையும் ஒரு வட்டம் போடுகிறது, ஆனால் வேறு வட்டம். கம்பெனி வைத்த உயரத்தில் இரண்டும் கூடியவரை ஒத்துப்போகும். அந்த உயரத்தை விட்டு இறங்க இறங்க ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அந்த வித்தியாசம் சக்கரத்தை முறுக்கிவிடும். ஸ்விப்ட், ஐ20, போலோ எல்லாவற்றிலும் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட் என்பதால் கதை ஒன்றுதான். பின்பக்கம் டார்ஷன் பீம். இரண்டு பக்கமும் சேர்ந்தே இறங்குவதால் அங்கே கோணம் அதிகம் மாறாது. ஆனாலும் நான் அளக்காமல் விடமாட்டேன். பின்சக்கரம் எந்தத் திசையில் தள்ளுகிறது என்று தெரியாமல் முன்சக்கரத்தை நேராக்கினால் ஸ்டீயரிங் கோணலாகத்தான் நிற்கும்.

சக்கரம் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. பாடியில் வீல்ஸ் இந்தியா ரிம் செய்தது, அம்பத்தூரில் டன்லப் டயர் செய்தது, டிஐ சைக்கிள்ஸ் சைக்கிளே செய்தது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்துக் கண் பழகியவர். ரிம்மைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்தே எந்தக் கம்பியை முறுக்கவேண்டும் என்று சொல்வார். கார் வந்தபிறகு நாலு ஸ்டாண்டு நட்டு, இரண்டு பக்கமும் மீன்பிடி நூல் கட்டி, ஸ்டீல் ஸ்கேலால் அளந்து டோ வைப்பார். இன்றைக்கும் மெஷின் சொல்வதில் சந்தேகம் வந்தால் நான் நூல் கட்டித்தான் பார்க்கிறேன்.

வேண்டுமென்றே சக்கரத்தைச் சாய்த்து ஓட்டுகிறவர்களும் உண்டு. முன்பு சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது, பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது வெளிச்சக்கரம் நிமிர்ந்து முழு அகலத்துக்கும் ரோட்டில் படியவேண்டும். அதற்காகத்தான் அவர்கள் முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைக்கிறார்கள். ஓட்டுகிறவரின் எடையைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டு செட் செய்வார்கள். அந்தச் சாய்வை மட்டும் எடுத்துக்கொண்டு பெங்களூரு நெடுஞ்சாலையில் நேர்கோட்டில் ஓட்டினால் பலன் கிடையாது.

தம்பியின் வண்டியில் எனக்கு வருத்தம் தந்தது வேறு விஷயம். ஸ்பிரிங் மாட்டிய அன்று சாயங்காலமே எங்கேயோ அலைன்மென்ட் பார்த்திருக்கிறார்கள். ஸ்பிரிங் உட்காரவே இல்லை. லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கியிருக்கிறார்கள். புஷ் என்பது ரப்பர். தொங்குகிற நிலையில் அதைப் பிடித்து இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் முறுக்கிக்கொண்டே கிடக்கும். கொஞ்ச நாளில் கிழியும். கிழிந்த புஷ்ஷில் எந்த அளவு வைத்தாலும் நிற்காது. அவருடையதில் இடது பின்புஷ்ஷில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது.

புஷ் இரண்டையும், முன்டயர் இரண்டையும் மாற்றினோம். போல்ட்டை விரலால் திருகிய அளவில் விட்டுவிட்டு வண்டியை நாலு சக்கரத்தில் நிறுத்தினேன். டிரைவர் சீட்டில் எழுபது கிலோ மணல் மூட்டை வைத்தேன், தம்பியின் எடை அதுதான். டேங்கில் பாதி பெட்ரோல். காற்று நாலிலும் சரிபார்த்தது. பானெட்டை அமுக்கி அமுக்கி விட்டு, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, அது தானாக வந்து நிற்கிற உயரத்தில் டார்க் ரெஞ்ச் போட்டு இறுக்கினேன். அதற்குப் பிறகு ஸ்ட்ரட்டின் மேல்போல்ட்டுக்குப் பதில் கேம்பர் போல்ட் போட்டு இரண்டு பக்கமும் மைனஸ் 1 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். டோவைக் கடைசியில்தான் தொடவேண்டும். கேம்பரை அசைத்தால் டோவும் அசையும். முதலில் டோ வைத்தவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

எங்கள் ரோட்டையும் சொல்லவேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் தெருக்களில் கிடப்பவை அந்த அகலத்தில் கால்வாசிகூட இருக்காது, உயரம் மட்டும் குறையாது. மெட்ரோவுக்காகத் தோண்டிய வருஷங்களில் போரூர்–பூந்தமல்லி ரோட்டில் ஓடிய வண்டிகள் என்னிடம் வரிசையாக வந்தன. இறக்கின வண்டிக்கு ஸ்பிரிங் அமுங்க இடம் குறைவு. பள்ளத்தின் அடி நேராக ஸ்ட்ரட்டிலும் ரிம்மிலும் விழும். சட்டமும் இருக்கிறது: பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதிசெய்தது. கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுவேன். 40 மில்லிமீட்டர் இந்த ஊருக்கு அதிகம் என்பதையும் சொல்வேன். ஆனாலும் இறக்கிவிட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது. அந்த வண்டியும் மழையில் நிற்கவேண்டுமே.

"ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வா தம்பி, மறுபடி பார்க்கணும்" என்றேன். அறுநூறில் வந்தார். ஸ்பிரிங் இடதுபக்கம் 4 மில்லிமீட்டர் உட்கார்ந்திருந்தது, டோ ஒரு மில்லிமீட்டர் விரிந்திருந்தது. டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் சமமாக, அரைச்சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். நான் ஸ்பேனரைத் துடைப்பதற்குள் தம்பி சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு, முதலில் வெளியிலிருந்து உள்ளே, அப்புறம் உள்ளிருந்து வெளியே, மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார்.