கடிகாரம் வரையச் சொன்ன டாக்டர்

எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிக் கொடுத்துவிடும். சர்க்கரை நோய்க்கு ஒரு துளி ரத்தம் போதும். மனநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றுவரை அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. நோயாளி சொல்வது, வீட்டார் சொல்வது, டாக்டர் கண்ணால் பார்ப்பது, அவ்வளவுதான் ஆதாரம். வவுச்சரே இல்லாமல் ஆடிட் செய்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன் (காமர்ஸ் ஆட்களுக்குச் சட்டென்று புரியும்!).

அதற்காக டாக்டர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் கையேட்டில் இதற்கென்று கணக்கே இருக்கிறது. மனச்சோர்வு நோய் என்று எழுத வேண்டுமானால் 9 அறிகுறிகளில் குறைந்தது 5, இரண்டு வாரமாவது இருந்திருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஒரே அறிகுறி பல நோய்களுக்குப் பொது. தைராய்டு குறைந்தாலும் சோர்வு வரும். பைபோலார் எனப்படும் இருமுனை நோய் உள்ளவர் பெரும்பாலும் சோர்ந்து கிடக்கும்போதுதான் டாக்டரிடம் போவார். தூக்கமே இல்லாமல் உற்சாகத்தில் பறந்த நாட்களை அவர் நோயாகவே நினைப்பதில்லை. கேட்டால் ஒழியச் சொல்லவும் மாட்டார். டாக்டர் தோண்டிக் கேட்காமல் சோர்வுக்கு மட்டும் மாத்திரை எழுதினால், சிலருக்கு அந்த வேகம் மறுபடி கிளம்பிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அதற்கு சுசன்னா கஹலன் கதையைப் பாருங்கள்.

நியூயார்க் போஸ்ட் பத்திரிகை நிருபர். 2009இல் அவருக்கு வயது 24. வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்ற சந்தேகத்தில் ஆரம்பித்தது. இடது கை மரத்துப்போனது. பிறகு காரணமில்லாத அழுகை, யார் மீதும் சந்தேகம், வலிப்பு. ஒரு டாக்டர், குடியால் வந்த வினை என்றார். இன்னொருவர் பைபோலார் என்றார். எம்ஆர்ஐ ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. ஸ்கேன் சுத்தமாக இருந்தால் மனநோய்தான் என்று முடிவுகட்டுவது எவ்வளவு சுலபம்! மனநல வார்டுக்கு அனுப்பும் பேச்சும் வந்தது.

அந்த நேரத்தில் வந்தவர் சூஹெல் நஜ்ஜார் என்ற நரம்பியல் டாக்டர். முதலிலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். சுசன்னா வட்டம் போட்டார், எண்களை எழுதினார். 1 முதல் 12 வரை எல்லாம் வலது பாதியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இடது பாதி காலி!

இடது பக்கத்தை மறக்கடிப்பது மூளையின் வலது பாதியில் உள்ள கோளாறு. அங்கே வீக்கம் இருக்கிறது என்று நஜ்ஜார் ஊகித்தார். பயாப்ஸி அதை உறுதி செய்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோய் அது. ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் அந்த நோய்க்குப் பெயர் வைத்தது 2007இல்தான். அதாவது இரண்டே வருடம் முன்பு. உலகத்தில் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட 217ஆவது ஆள் என்று சுசன்னாவிடம் சொன்னார்களாம்.

ஸ்டீராய்டும் மற்ற சிகிச்சைகளும் கொடுத்தார்கள். சுமார் ஏழு மாதத்தில் வேலைக்குத் திரும்பி, 2012இல் இதையெல்லாம் புத்தகமாகவும் எழுதிவிட்டார். இதே நோய் 1990இல் வந்தவர்களுக்கு என்ன பெயர் எழுதி, எந்த வார்டில், எத்தனை வருடம் வைத்திருந்தார்களோ... அந்தக் கேஸ் ஷீட்டுகளை இனி யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?