தோலுக்கு நம்பர் உண்டு

எங்கப்பா 22 வருஷம் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலையை நாங்கள் தோல் ஷாப்பு என்றுதான் சொல்வோம். அவர் விரல் நகங்களைச் சுண்ணாம்பும் சல்பைடும் அரித்து வைத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவன் மூக்கைப் பொத்திக்கொள்வான். 'படிச்சுட்டா இந்த நாத்தத்துலேர்ந்து போயிடலாம்டா' என்பார் அப்பா. படித்தேன். சென்னையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே என்னை நம்பிக் கொடுத்த முதல் பெரிய வேலையே ஒரு தோல் ஷாப்புக்கு மென்பொருள் எழுதுவதுதான்.

அந்த ஷாப்பு வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு ஷெட் மூன்றாகியிருந்தது. கணக்கு நோட்டிலும் எக்செல்லிலும் ஓடியது. கடையில் விற்கும் ரெடிமேட் மென்பொருள் எதுவும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. காரணம் தோல்தான். பச்சைத் தோல் உருப்படிக் கணக்கில் வருகிறது. மயிர் நீக்கி, சதை சீவிய பிறகு எடை போட்டு, அந்த எடைக்கு இத்தனை சதவீதம் என்று குரோம் உப்பு சேர்க்கிறார்கள். மாட்டுத் தோலைக் குறுக்கே பிளந்தால் ஒன்று இரண்டாகிறது. மேல்தோலுக்கு ஒரு விலை, அடித்தோலுக்கு ஒரு விலை. கடைசியில் விற்பது சதுர அடியில். உருப்படி, கிலோ, சதுர அடி மூன்றையும் ஒரே கணக்கில் கோர்க்க வேண்டும். அதனால்தான் அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல அவர்களுக்கென்றே தனியாக எழுதச் சொன்னார்கள்.

முதல் நாளே மேனேஜர் கேட்டார்: 'சொந்த ஊர் எது தம்பி?' சொன்னேன். 'அங்க எந்தத் தெரு?' இந்தக் கேள்வி எதற்கென்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தெருவின் பெயரைச் சொன்னேன். அது பொய்.

ஒவ்வொரு தோல் கட்டுக்கும் ஒரு லாட் நம்பர் கொடுத்தோம். செருப்புக் கம்பெனிகள் 2005இல் சேர்ந்து தொடங்கிய லெதர் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பின் தணிக்கையில், தோல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எந்த மண்டி, எந்த டிரம், எந்த நாள் என எல்லாம் திரையில் வந்துவிடும்.

பிறகு ஆட்கள் கணக்கு. நிரந்தரத் தொழிலாளிக்குப் பெயர், பி.எஃப். எண், வங்கிக் கணக்கு எல்லாம் உண்டு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு? 'பேரெல்லாம் வேணாம் தம்பி. தலைக்கணக்கு போதும். இன்னைக்கு 40, நாளைக்கு 35' என்றார் மேனேஜர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் அதைத் திறந்து காட்டினேன். எனக்குப் பெருமை. அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

'இந்தத் தோலு எங்கேர்ந்து வந்துச்சின்னு வெள்ளக்காரன் கேட்டா சொல்லிடுவியா?'

'சொல்லிடலாம்பா.'

'தொட்டில எறங்கினவன் யாருன்னு கேட்டா?'

எனக்கு வாய் வரவில்லை.

'மேஸ்திரி நோட்டுல நான் ஒரு கோடுடா. 22 வருஷம் வேல செஞ்சன்னு சொல்றதுக்கு எங்கைல ஒரு துண்டுச் சீட்டு கெடையாது.'

பி.எஃப். ஆபீசுக்கு அவர் மூன்று முறை நடந்தது எனக்குத் தெரியும். பெயரே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவரை மேஸ்திரி கோடாகப் போட்டான். நான் அவரைப் போன்றவர்களை எண்ணாகப் போட்டிருந்தேன்.

2015 ஜனவரி 31ஆம் தேதி விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். என் திரையில் அப்படி ஒன்று நடந்தால் 40 என்பது 30 ஆகும். வேறு எதுவும் மாறாது.

அடுத்த முறை, பெயர் எழுதாமல் அந்தத் திரையைத் தாண்ட முடியாதபடி மாற்றினேன். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் 'லேபர் 1, லேபர் 2, லேபர் 3' என்று 40 வரை அடித்து வைத்திருந்தார்கள். கட்டாயப்படுத்தினால் மட்டும் உண்மை வந்துவிடாது, பணத்தோடு கட்டினால்தான் வரும் என்று அன்றைக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஆளின் பெயரும் பி.எஃப். எண்ணும் வேலை செய்த நாளும் இல்லாமல் காண்ட்ராக்டரின் பில் பாஸ் ஆகாது என்று எழுதினேன். மேனேஜரிடம் நியாயம் பேசவில்லை. பேசியிருந்தால் நடந்திருக்காது. காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய முதலாளியே தரவேண்டும் என்று 1970ஆம் வருஷச் சட்டமே சொன்னது. 2020இல் வந்த தொகுப்புச் சட்டமும் அந்தப் பொறுப்பை எடுத்துவிடவில்லை. 'யாருக்குக் குடுத்தோம்னு காட்ட முடியலன்னா ரெண்டு தடவ குடுக்கணும் சார்' என்றேன். ஒத்துக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் 43 பெயர்கள் வந்தன. 11 பெண்கள். பாதிப் பேர் பீகார், ஒரிசா. மீதி எங்கள் சேரிப் பெயர்கள். படிக்கும்போதே எனக்கு முகம் தெரிந்தது.

'காண்ட்ராக்ட் ஆளுங்க மேல இவ்வளவு அக்கறை ஏன் தம்பி?' என்றார் மேனேஜர்.

'அன்னைக்கு எந்தத் தெருன்னு கேட்டீங்களே சார். நான் சொன்னது பொய். நாங்க சேரி. எங்கப்பா சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினவரு.'

அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னைத் தம்பி என்று கூப்பிடுவதும் இல்லை.

ஒரு பில் திரையால் சாதி ஒழியாது. அந்த 43 பேருக்கு ஒரு ரூபாய் கூலி ஏறவில்லை. கம்ப்யூட்டர் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். யாரை எண்ணுவது, யாரைப் பெயர் சொல்லி எழுதுவது என்பதை யாரோ ஒருத்தன் உட்கார்ந்து முடிவு செய்கிறான். அந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. நான் முதல் தடவை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தத் தடையை எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை போன் வந்துவிட்டது. எடுக்கப் பத்து நிமிஷம் ஆகாது. என் முதலாளி எடு என்றால் என்ன செய்வேனோ தெரியவில்லை. அப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்: 'பேரு கீதாடா?'

'கீதுப்பா.'