படத்தில் பதிந்த கண்கள்

உடலுக்குள் எழும் வலியைப் பிறர் அறியாமல் பொறுத்துக்கொள்ளலாம்; முகத்தில் படர்ந்த தோல்நோயை மறைத்தல் எளிதன்று. நோயின் துன்பத்தோடு, பார்ப்பவர் விலகிச்செல்லும் துன்பத்தையும் நோயாளர் சேர்த்தே சுமக்கின்றனர்.

பாரிசு நகரின் செயின்ட் லூயி மருத்துவமனை, கொள்ளைநோயுற்றோரைத் தனித்துத் தங்கவைப்பதற்காக 1607ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது தோல்நோய் மருத்துவத்தின் தலைமையிடமாக விளங்கியது. அங்குப் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஹார்டி, மோன்மேஜா ஆகிய இருவரும் 1868இல் தோல்நோய்களின் ஒளிப்படத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டனர். ஓவியங்களைக்கொண்டு பயின்ற மருத்துவ மாணவர்களுக்கு அது புதிய வாயிலைத் திறந்தது.

அக்கால ஒளிப்படத் தகடுகள் செந்நிறத்தை உணரும் திறனற்றவை. அதனால் சிவந்த தடிப்புகள் கருமையாகவே பதிந்தன. அக்குறையை நீக்க, படங்களின்மீது கையால் வண்ணம் தீட்டினர். ஒளி பதியும்வரை நோயாளர் அசையாதிருக்கவும் வேண்டும். ஊரார் பார்வைக்கு அஞ்சியவர், கருவியின் பார்வைக்குமுன் தம் புண்ணைத் திறந்து காட்டி அமர்ந்திருந்தார்.

படம் நோயைக் காட்டுவதற்காகவே எடுக்கப்பட்டது. அதன்கீழ் எழுதப்பட்டதும் நோயின் பெயரே. எனினும், நோயைத் தேடி வரும் பார்வையை ஒரு மனிதரின் கண்கள் எதிர்கொள்கின்றன. அவற்றை மறைத்துவிட்டுத் தடிப்பை மட்டும் காண இயலாது.

இன்று நோயாளரின் இசைவு பெற்றே படமெடுத்தல் மருத்துவ அறமாகக் கொள்ளப்படுகிறது. அன்று அமர்ந்தவர்களிடம் எவரேனும் இசைவு கேட்டனரோ, இல்லையோ, அவர்கள் காட்டிய புண்களிலிருந்தே பிறர் புண்ணை ஆற்றும் அறிவு வளர்ந்தது.