நிர்வாகியின் சம்மதம்

மறுக்கிறவர்கள் காரணம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது விமர்சனம் எழுதுகிறவனின் கெட்ட பழக்கம். சங்கரன்கோவிலில் எங்கள் கிளையிலுள்ள கம்ப்யூட்டர் சில மாதங்களாக இந்தப் பழக்கத்தைச் சோதித்துவருகிறது. தமிழ் தட்டச்சு மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்ற முயன்றால் திரை மங்குகிறது. நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. நிர்வாகி இந்த ஊரில் இல்லை. எந்த ஊரில் என்றும் தெரியாது. விண்ணப்பித்தால் ஓர் எண் வருகிறது, பிறகு மௌனம். விசைத்தறிக்காரர் ஒருவர் தம் கடன் மனுவுக்குத் தமிழில் பதில் கேட்டார். ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்து, அர்த்தத்தை வாயால் சொன்னேன். அவரிடம் இப்போது இருப்பது அந்த ஆங்கிலக் காகிதம்தான்.

தடை என்பதையே நான் எதிர்க்கவில்லை. வங்கியில் ஒரு கணக்கைப் பதிந்தவனே அதை அங்கீகரிக்க முடியாது. எவருக்கும் வேலைக்குத் தேவையான அளவு உரிமையே போதும் என்ற கோட்பாட்டை ஸால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975இலேயே எழுதிவிட்டார்கள். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் நிர்வாகிகளாகவே உலவினார்கள். உள்ளே நுழைந்த வைரஸுக்கும் அதே அதிகாரம் கிடைத்தது. இதற்குப் பரிகாரமாக 2007இல் விஸ்டா, எதற்கெடுத்தாலும் சம்மதம் கேட்கத் தொடங்கியது. கேட்டுக் கேட்டு, படிக்காமலே 'ஆம்' சொல்லும் சடங்காயிற்று. 2009இல் விண்டோஸ் 7 கேள்விகளைக் குறைத்துக்கொண்டது.

தட்டச்சு மென்பொருள் விஷயத்தில் சந்தேகத்துக்கு நியாயம் அதிகம். நாம் அமுக்கும் ஒவ்வொரு விசையும் அதன் வழியாகத்தான் போகிறது, கடவுச்சொல் உட்பட. எனவே யாராவது பரிசோதிக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் படிக்காமல் சம்மதம், ஆபீஸில் படிக்காமல் மறுப்பு. பரிசோதனை இரண்டு இடத்திலும் நடக்கவில்லை.

வேறு வழி இல்லாமலில்லை. 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எழுத்துரு ஒன்றை நிர்வாகியைக் கேட்காமல் தன் கணக்குக்கு மட்டும் நிறுவிக்கொள்ள முடிகிறது. எது பொது, எது தனி என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அப்படி யோசித்துச் சொல்லும் மறுப்பு எனக்குச் சம்மதமே. கவிதையைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர் ஒரு வரி காரணம் எழுதியிருந்தால் அது விமர்சனம். வெறும் உறை திரும்பி வந்தால் அது தபால்தான்.