மூச்சைப் பிடித்து ஒரு படம்

ஜப்பானியர்கள் பொது இடத்தில் சண்டை போடமாட்டார்கள் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஹொக்கைடோவின் சுருயி கிராமத்தில், ஒட்டோவா பாலத்தின் மேல், பிப்ரவரிக் கடைசியின் விடியற்காலையில் அந்த நம்பிக்கை போயிற்று. கைப்பிடியை ஒட்டி டிரைபாட்கள் காலோடு கால் பின்ன நின்றன. ஒரு பெரியவர் நகர்ந்தபோது பக்கத்துக்காரரின் டிரைபாட் இடறியது. முதலில் தலைகுனிந்து மன்னிப்பு. அப்புறம் அவர் ஏதோ முணுமுணுக்க, இவர் குரலை உயர்த்த, நம்மூர் ரேஷன் கடை வரிசை தோற்றது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ரயிலில் தும்மக்கூடப் பயந்துகொண்டு திரிந்தவனுக்கு அன்றுதான் அந்த நாட்டில் கொஞ்சம் உரிமை வந்தது.

கோபத்துக்குக் காரணம் டிரைபாட் அல்ல, மேகம். கீழே ஓடும் செட்சுரி ஆற்றில் ஊற்றுநீர் கலப்பதால் கடுங்குளிரிலும் அது உறைவதில்லை. வானம் தெளிந்த இரவில் தரையின் சூடெல்லாம் மேலே போய், காற்று மட்டும் −20 டிகிரி வரை இறங்கிவிட்டால், ஆறு ஆவி விடும். அந்த ஆவி கரையோரக் கிளைகளில் வெள்ளையாக உறையும். நடுவே, நரி எட்டாத ஆழமில்லாத தண்ணீரில், உச்சந்தலை சிவந்த டான்சோ கொக்குகள் ஒற்றைக் காலில் தூங்கும். இந்தப் படத்துக்காகத்தான் அத்தனை பேரும் அங்கே நிற்கிறார்கள். அன்று இரவு முழுக்க மேகம் மூடியிருந்தது. குளிரும் போதவில்லை, ஆவியும் எழவில்லை. வெறும் ஆறு, வெறும் கொக்கு.

நான் வேறு ஒரு யோசனையோடு போயிருந்தேன். பனியைக் கண்டால் கேமராவின் ஒளிமானி மிரண்டு வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். அதனால் ஒன்றரை ஸ்டாப் கூட்டிவைத்து, ஷட்டரை 1/15 வினாடிக்கு இறக்கி, பறக்கிற கொக்கோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பினேன். வெள்ளை உடம்பு பனியில் கரைந்துபோய், கறுப்புக் கழுத்தும் சிறகின் பின்னோரக் கறுப்பும் மட்டும் கோடு கோடாக இழுபட்டன. பக்கத்தில் இருந்தவர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, பாவம் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. இப்போதும் பிடித்திருக்கிறது.

பனி தூற ஆரம்பித்ததும் பலர் மூட்டை கட்டினார்கள். வரிசைக் கடைசியில் ஒருவர் மட்டும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். எழுபது வயது இருக்கலாம். முன்னால் ஒரு சின்ன மரப்பலகை, அதன்மேல் கறுப்பு வெல்வெட். என் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி மூலம் தெரிந்துகொள்ள முடிந்தது ஒன்றுதான்: பலகை இரவெல்லாம் வெளியே கிடந்து குளிர்ந்தது, அதனால் விழும் பனி உருகாது. அதற்குள் குளிரில் பேட்டரி செத்துவிட்டது. மிச்சமெல்லாம் கைஜாடைதான்.

லென்ஸைப் பின்புறம் முன்னால் வரும்படி திருப்பி மாட்டியிருந்தார். அப்படி மாட்டினால் சாதாரண லென்ஸே உருப்பெருக்கியாகிவிடும். ஆனால் தெளிவாக விழும் ஆழம் தாள் கனம்தான். பல்குச்சியால் ஒரு படிகத்தைத் தள்ளி மல்லாத்தினார், கையுறையால் வாயைப் பொத்தச் சொன்னார், மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். ஆறு கைகள், ஒவ்வொன்றிலும் கிளைகள். ஒரு கை பாதியில் ஒடிந்திருந்தது. அடுத்த படிகத்தின்மேல் வேண்டுமென்றே லேசாக ஊதிக் காட்டினார். கைகள் மழுங்கி, உள்ளே இழுத்துக்கொண்டு, வெல்வெட்டில் ஒரு துளி மட்டும் நின்றது.

ஊருக்கு வந்தபின் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1885 ஜனவரியில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி, நுண்ணோக்கியைக் கேமராவோடு பொருத்தித் தன் முதல் பனிப்படிகத்தைப் படமெடுத்தார். சாகும்வரை எடுத்தவை ஐயாயிரத்துக்கும் மேல். பின்னணி மையிருட்டாகத் தெரிய, நெகட்டிவில் படிகத்தின் விளிம்புவரை சுரண்டியிருக்கிறார். அழகாக ஒத்திருக்கும் படிகங்களாகப் பொறுக்கித்தான் எடுத்தார். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் நகாயா உகிச்சிரோ கோணல்மாணலையும் சேர்த்து எடுத்தார். 1936இல் முயல் முடியில் ஒரு செயற்கைப் படிகத்தையே வளர்த்தார். கிளைவிட்ட வடிவம் ஏறக்குறைய −15 டிகிரியில், ஈரம் மிகுந்த காற்றில் பிறக்கிறது. −5 பக்கம் ஊசிதான். அவர் வகுத்த வரைபடம் அப்படிச் சொல்கிறது. எனக்கு நகாயாவின் பக்கம்தான் மனம் சாய்கிறது. பாலத்துப் பெரியவரும் ஒடிந்த படிகங்களை ஒதுக்கவில்லை.

அன்று பாலத்தில், அந்தப் பெரியவர் காரிலிருந்து துண்டில் சுற்றிய டப்பா ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். வெண்டிங் மெஷினில் கிடைக்கும் மக்காச்சோள சூப். தித்திப்பும் உப்புமாக, நம் நாக்குக்கு ஒத்துவராத ஒரு ருசி. அந்தக் குளிரில் அமிர்தம். குடித்து முடித்தும் சோளமணிகள் டப்பாவின் உள்விளிம்பில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. அடியில் தட்டித் தட்டி விழவைக்கக் கற்றுக்கொடுத்தவர், ஆற்றைக் காட்டி, சோளத்தைக் காட்டி, அவர்களும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று அபிநயித்துச் சிரித்தார். வெறும் வேடிக்கை இல்லை அது. ஜப்பானில் அற்றுப்போயின என்று நினைத்த இந்தக் கொக்குகள் 1924இல் குஷிரோ சதுப்பில் கொஞ்சமே கொஞ்சம் அகப்பட்டன. 1952 கணக்கெடுப்பில் 33. குளிர்காலப் பட்டினியில் அவற்றுக்கு மக்காச்சோளம் போட்டுக் காப்பாற்றியவர்கள் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்ச் பிறந்தால் பகல் வெயிலில் படிகம் நிற்பது கஷ்டம். அதனால் அடுத்த தூறலுக்கு முன்பே ஒரு பலகை, கறுப்புத் துணி, பல்குச்சி மூன்றையும் இரவில் பால்கனியில் போட்டுவையுங்கள். கைப்பேசியில் மாட்டும் மலிவான மேக்ரோ லென்ஸே போதும். உள்ளே வருவதற்கு முன்பே கைப்பேசியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் சூட்டில் வேர்த்து உள்ளே ஈரம் இறங்கிவிடும்.