29 விநாடி

1982 பிப்ரவரி 6. ஹவாய்த் தீவில் உள்ள கைலுவா-கோனா நகரம். ஜூலி மோஸுக்கு அப்போது வயது 23. கல்லூரி ஆய்வுக் கட்டுரைக்காகத்தான் 'அயர்ன்மேன்' போட்டிக்கு வந்திருந்தார். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குப் பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே மூச்சில்!

முடித்தாலே போதும் என்று வந்தவர், ஓட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஜெயிக்கும் ஆசை அப்போதுதான் வந்தது.

எல்லைக்கோடு நெருங்கும் நேரத்தில் கால்கள் கைவிட்டன. உடம்பில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோனால், மனசு 'ஓடு' என்றாலும் கால் கேட்காது. விழுந்தார். எழுந்தார். மறுபடியும் விழுந்தார். அடுத்தவர் கைகொடுத்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடக்கூடும். அதனால், உதவ வந்தவர்களையும் தடுத்தார். கோட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் அவர் விழுந்து கிடந்தபோது, கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று பெண்களில் முதலிடம் பிடித்தார்.

இனி எதற்காக எழ வேண்டும்? அங்கேயே படுத்திருக்கலாம். ஆனால், ஜூலி தவழ்ந்தார். கைகளை ஊன்றி, முழங்கால்களை இழுத்து இழுத்துக் கோட்டைத் தாண்டினார். மெக்கார்ட்னிக்கும் அவருக்கும் வித்தியாசம், வெறும் 29 விநாடி.

அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த மார்க் ஆலன் என்ற இளைஞர், அதே ஆண்டு அயர்ன்மேனில் கலந்துகொண்டார். பின்னாளில் கோனாவில் 6 முறை சாம்பியன் ஆனார். அவரைக் கடலில் இறக்கிவிட்டது, தவழ்ந்து வந்த அந்த இரண்டாம் இடம்தான்!